வன்னியில் கடவுளுக்கு யார் சாட்சி?

ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கடக்கிற வாகனங்களில் பெரும்பாலானவை அங்கே நிற்கும். சாரதி இறங்கிக் கால் கழுவுவார், கற்பூரம் கொளுத்துவார், தேங்காய் அடிப்பார். பயணிகள் உண்டியலில் சில்லறை போட்டுவிட்டு, திரும்பி வரும்போது கச்சான் சரையோடு ஏறுவார்கள். பௌதிகம் படிப்பிக்கிற ஆசிரியரும் இறங்குவார், நாகதீபத்துக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்களும் இறங்குவார்கள். பிள்ளையார் இருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அந்த வாசலில் ஒருவரும் கேட்பதில்லை. வம்புக்குக் கேட்டால் சாரதி சொல்வார்: "நிக்காமல் போய் வழியில ஏதும் நடந்தா ஆர் தம்பி பதில் சொல்லுறது?"

நல்ல பதில்தான். ஆனால் அது வண்டியை நிறுத்துவதற்கான காரணத்தைச் சொல்கிறதே தவிர, பிள்ளையார் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதிலிருந்துதான் கடவுள் பற்றிய எங்கள் வாக்குவாதங்களில் பாதி தொடங்குகிறது.

சாரதியின் கணக்கைப் 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக் கணிதர் முறையாகப் போட்டுப் பார்த்தார். நிகழ்தகவுக் கணிதத்துக்கு அத்திவாரம் இட்டவர்களில் அவரும் ஒருவர். கடவுள் இருந்து நீ நம்பினால் முடிவில்லாத இலாபம். இல்லாமற்போனால் நட்டம் கொஞ்சம். ஆகவே நம்புகிற பக்கம் பந்தயம் கட்டு என்றார். அவரே ஒப்புக்கொண்டது போல, கடவுள் இருக்கிறாரா என்பதை இந்தக் கணக்கு தீர்ப்பதில்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு: எந்தக் கடவுள்மேல் பந்தயம் கட்டுவது? வன்னிச் சனம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. முறிகண்டிக்குத் தேங்காய், மடு மாதாவுக்கு மெழுகுதிரி, புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கல், குளக்கட்டு ஐயனாருக்கு ஒரு படையல். ஒருவரையும் பகைக்கிறதில்லை. பாஸ்கல் நம்பிய கடவுள் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்பது வேறு கதை.

ஆதாரம் இல்லாமல் நம்புவது சரியா என்ற கேள்வியை நேருக்கு நேர் எடுத்தவர் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலக் கணிதர். 1877இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, திருத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை தரம் பத்திரமாய்ப் போய்வந்த கப்பல்தானே, இறைவன் பார்த்துக்கொள்வார் என்று மனதைத் தேற்றி, ஆட்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் தாழ்கிறது. அவர் காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் மனதார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது, அந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமையே இருக்கவில்லை என்று கிளிஃபோர்ட் தீர்ப்புச் சொன்னார். கப்பல் தப்பிப் பிழைத்து வந்திருந்தாலும் குற்றம் குற்றம்தான். போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவது எப்போதும், எங்கும், எவருக்கும் தவறு என்பது அவர் வைத்த விதி.

19 ஆண்டுகள் கழித்து அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு மறுப்புச் சொன்னார். சில கேள்விகளில் ஆதாரம் ஒரு பக்கமும் சாயாது. அதற்காகத் தீர்மானத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. தள்ளிப்போடுவதே ஒரு தீர்மானம் ஆகிவிடும். அப்படிப்பட்ட, வாழ்க்கையையே மாற்றக்கூடிய கேள்விகளில் மனம் சாய்கிற பக்கம் நம்ப மனிதனுக்கு உரிமை உண்டு என்றார்.

2009இன் முதல் ஐந்து மாதங்களில் பங்கருக்குள் கிடந்தவர்களை நினைத்தால் கிளிஃபோர்டின் விதியைக் கையில் வைத்திருப்பது கடினம். மேலே செல் கூவிக்கொண்டு போகும். உள்ளே ஒருவர் தேவாரம் சொல்வார், பக்கத்தில் ஒருவர் செபமாலை உருட்டுவார், பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு ஒரு கிழவி "அம்மாளாச்சி, அம்மாளாச்சி" என்பதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பா. அங்கே போய் "அம்மா, போதிய ஆதாரம் இருக்கோ?" என்று கேட்கிறவன் தத்துவவாதி அல்ல, விசரன். ஆனாலும் ஜேம்ஸின் வாதத்திலும் ஒரு குறை உண்டு. மலையில் ஒரு பிளவைப் பாய்ந்து கடக்க வேண்டிய மனிதனை அவர் உதாரணம் காட்டுவார்: முடியும் என்று நம்பிப் பாய்கிறவனுக்கு அந்த நம்பிக்கையே காலுக்குப் பலம் கொடுக்கும். பாய்ச்சல் விடயத்தில் அது உண்மை. கடவுள் இருக்கிறாரா என்ற விடயத்தில் என் நம்பிக்கையின் பலத்தால் எதுவும் மாறாது. இருந்தால் நான் நம்பாவிட்டாலும் இருப்பார். இல்லையென்றால் முழு வன்னியும் கூடி நின்று நம்பினாலும் இல்லைத்தான். நம்புவதால் கிழவிக்கு மனம் தேறுகிறது, கை நடுங்காமல் பிள்ளையைப் பிடிக்க முடிகிறது. அது நம்பிக்கையின் பயன். அதன் உண்மைக்குத் தனியாகத்தான் வழக்காட வேண்டும்.

"கடவுள் விசயத்தில ஆதாரம் கேக்கப்படாது" என்பது வாசிகசாலைப் பேச்சுகளில் அடிக்கடி விழுகிற வசனம். சைவத்தின் பேரால் இதைச் சொல்கிறவர்கள் சைவ சித்தாந்தத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். சிவஞான சித்தியார் தொடங்குவதே அளவையில்: ஒன்றை அறிந்தோம் என்று எதை வைத்துச் சொல்வது? காட்சி (கண்டது), கருதல் (கண்டதைக் கொண்டு ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று மூன்றை அது ஏற்கிறது. கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஒப்பமாட்டோம் என்ற உலகாயதரை மறுப்பதற்கென்றே, பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கிற பரபக்கப் பகுதியில் இடம் ஒதுக்குகிறது; அவர்களுடைய வாதத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதமும் 13ஆம் நூற்றாண்டிலேயே வாதத்தோடுதான் தொடங்குகிறது: அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற இந்த உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஒரு வினைமுதல், அதாவது ஆக்குபவன் ஒருவன், வேண்டும், எல்லாம் ஒடுங்குகிற இடமே எல்லாம் தோன்றுகிற இடம். சரியோ பிழையோ, இது "நம்பு" என்று கட்டளை இடவில்லை. எங்கள் பிள்ளைகள் சாதாரணதரச் சோதனைக்குப் பதி, பசு, பாசம் (இறை, உயிர், கட்டு) என்று பாடமாக்குகிறார்கள். அது ஒரு வழக்கின் தீர்ப்பு என்பதையும், வாதி பிரதிவாதி இரு பக்கமும் பேசிய பிறகே அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது என்பதையும் ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கத்தோலிக்கரின் பக்கமும் இதே கதைதான். காணாமல் நம்புகிறவர்கள் பாக்கியவான்கள் என்று உயிர்த்தெழுந்த இயேசு தன் சீடன் தோமாவுக்குச் சொன்னதை மட்டுமே நாங்கள் பிரசங்கங்களில் கேட்கிறோம். தோமாவுக்கு அந்த வார்த்தைக்கு முன்னர் காயத்தைக் காட்டியது மறந்துபோகிறது. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம், படைப்புகளைக் கொண்டு கடவுளை மனித அறிவின் இயல்பான ஒளியால் உறுதியாக அறியலாம் என்று கோட்பாடாகவே அறிவித்தது. ஆக, ஆதாரம் கேட்பது நாத்திகரின் திமிர் என்று எந்தப் பீடத்திலிருந்தும் சொல்ல வழியில்லை. கேட்கலாம் என்று இரண்டு மரபுகளும் முன்னமே ஒத்துக்கொண்டுவிட்டன.

கேட்டால் என்ன கிடைக்கிறது? வன்னிக் காட்டுக்குள் தேன் எடுக்கப் போகிறவர்கள் சில இடங்களில் உடைப்பெடுத்த பழைய குளக்கட்டைக் காண்பார்கள். மேலே பாலையும் வீரையும் ஓங்கி வளர்ந்திருக்கும். பக்கத்தில் ஊர் இருந்ததற்கான அடையாளம் ஒன்றும் இராது. ஆனாலும் மண் நேர்கோட்டில் உயர்ந்து போவதையும், ஓரிடத்தில் துருசுக் கல் சரிந்து கிடப்பதையும் பார்த்தவுடன், இது தானாய் வந்த மேடு அல்ல, ஆட்கள் கட்டியது என்று படிக்காதவரும் சொல்லிவிடுவார். கண்டவர் எவரும் இல்லை, பெயரும் தெரியாது. ஆனாலும் முடிவு பிழைக்காது. கருதல் அளவை என்பது இதுதான். உலகத்தைப் பார்த்து ஆக்கியவனைச் சொல்வதும் இதே வழிதானே என்பது வினைமுதல் வாதம்.

ஸ்கொட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1779இல் வெளிவந்த நூலில் இந்த வழியில் இரண்டு பள்ளங்களைக் காட்டினார். அவர் வீட்டையும் கப்பலையும் வைத்துப் பேசினார். நாங்கள் குளத்தையே வைத்துப் பேசலாம். குளக்கட்டைக் கண்டு ஆள் கட்டியது என்கிறோம் என்றால், ஆட்கள் மண் வெட்டிக் கட்டுப் போடுவதை வேறு இடங்களில் கண்டிருக்கிறோம். உலகங்கள் ஆக்கப்படுவதை ஒருவரும் ஒருமுறையேனும் கண்டதில்லை. இருப்பது ஒரே ஒரு உலகம், நாங்களும் அதற்குள்தான். ஒத்துப் பார்க்க வேறொன்று இல்லாத இடத்தில் இந்தக் கருதல் எவ்வளவு தூரம் போகும்? இரண்டாவது இன்னும் குறும்பானது. குளத்தைக் கட்டியது ஒரு ஆளா? ஊரே கூடிக் கட்டியது. கட்டினவர்கள் எல்லாரும் செத்தும் போனார்கள். அப்படியானால் உலகத்தைக் கண்டு ஒரே ஒருவன், அவன் என்றும் உள்ளவன், அவன் கருணை நிறைந்தவன் என்ற மூன்றும் எங்கிருந்து வந்தன? கட்டிலிருந்து கட்டினவரின் கருணையை அளக்க முடியாது.

வினைமுதல் வாதம் இதனால் செத்துப்போய்விடவில்லை. உலகம் ஏன் இல்லாமல் இராமல் இருக்கிறது என்ற கேள்வி இன்றும் நிற்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு எடுத்தவுடன் விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு இழுப்பது எங்களிடம் பெருகிவருகிற ஒரு பழக்கம். பெருவெடிப்பைத் திருமூலர் முன்னமே சொன்னார் என்று ஒருவர், ஆதியாகமம் சொன்னது என்று இன்னொருவர். விரியும் அண்டம் பற்றிய கருத்தை 1927இல் முன்வைத்தவர்களில் முக்கியமானவர் ஜோர்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது லெமேத்ர் அதை விரும்பவில்லை. கடவுளை நம்புவதற்கும் மறுப்பதற்கும் தன் கோட்பாடு இடம் விடுகிறது என்பது அவர் நிலை. நாளைக்குக் கோட்பாடு மாறினால் விசுவாசத்தையும் மாற்ற வேண்டிவரும் என்பது அந்தக் குருவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு அது இன்னும் தெரியவரவில்லை.

சனத்தைக் கேட்டால் வாதம் எல்லாம் வேண்டாம், அற்புதம் இருக்கிறதே என்பார்கள். வற்றாப்பளையில் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். அதற்கு முந்திய கிழமை முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த உப்புநீரில் விளக்கு எரியும். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்தாளாம், விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை எடுத்து ஊற்றச் சொன்னாளாம், தலையைப் பார்க்கச் சொன்ன இடத்தில் ஆயிரம் கண் தெரிந்ததாம். இந்தக் கதை கேட்டு வளராத பிள்ளை அந்தப் பக்கத்தில் இல்லை.

உப்புநீர் எரியாது என்பது இரசாயனம். எண்ணெய் ஊறின திரி நீர்மேல் நின்றால் எரியும் என்பதும் அதே இரசாயனம். ஆகவே இது சோதிக்கக்கூடிய கூற்று. இலங்கையில் இப்படிச் சோதிக்கக் கேட்டவர் ஒருவர் இருந்தார்: கேரளத்திலிருந்து வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பல ஆண்டுகள் படிப்பித்த ஏபிரகாம் கோவூர். ஏமாற்ற முடியாத நிபந்தனைகளின் கீழ் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஓர் இலட்சம் ரூபா என்று 1963இல் அறைகூவல் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதை வெல்லவில்லை. இந்த விளக்குக்கு அவருடைய நிபந்தனை என்றால், புதுச் சட்டி, எண்ணெய் தொடாத புதுத் திரி, அளந்து வைத்த கடல்நீர், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட காவல்.

ஆனால் கோவூரின் முறை ஒன்றைக் கவனிக்கத் தவறியது என்று நினைக்கிறேன். சோதனையில் விளக்கு எரியாவிட்டால் அடுத்த வைகாசியில் வற்றாப்பளைக்கு வருகிற சனம் குறையுமா? ஒரு சதமும் குறையாது. அவர்கள் விளக்கைப் பார்த்து அம்மனை நம்பியவர்கள் அல்ல. அம்மனை நம்புவதால் விளக்கைப் பார்க்கிறவர்கள். போருக்கு முன் தாயோடு வந்தவள் இன்று பேத்தியோடு வருகிறாள். இடம்பெயர்ந்து கனடாவில் இருக்கிறவன் பொங்கலுக்குக் காசு அனுப்புகிறான். அவர்களுக்கு அம்மன் குடும்பத்தில் மூத்த ஒரு ஆள். அத்திவாரமே அதில் இல்லாதபோது அதை இடித்து என்ன பயன்? கேட்பவரும் இதை மறக்கக் கூடாது, காட்டுகிறவரும் மறக்கக் கூடாது. விளக்கை ஆதாரம் என்று மேடையில் சொல்கிறவர், சோதனையில் தோற்றால் அம்மனையும் விட்டுவிடத் தயாரா?

அற்புதத்தைவிட அதிகம் சொல்லப்படுவது நேர்த்தி. சுகம் வந்தால் காவடி, மகன் வெளிநாடு போய்ச் சேர்ந்தால் அன்னதானம். பலித்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. எண்ணுகிற முறையில்தான் பிழை. ரோமானியரான சிசரோ ஒரு பழைய கதை சொல்கிறார்: கடலில் தப்பியவர்கள் நேர்த்திக்காகக் கோயிலில் வைத்த பலகைகளைக் காட்டி, தெய்வங்கள் காப்பதற்கு இது போதாதா என்று தியாகரஸ் என்ற நாத்திகரைக் கேட்டார்களாம். கடலில் மூழ்கினவர்களின் பலகை எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டாராம். முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்கள் "கடவுள்தான் காப்பாத்தினவர்" என்கிறார்கள். அதே பங்கரில், அதே தேவாரத்தைச் சொல்லி, வெளியே வராதவர்கள் அந்தக் கணக்கைத் திருத்த வரப்போவதில்லை.

பாம்புக்கடியில் இது இன்னும் துலக்கமாய்த் தெரியும். மடு மண் பாம்பு விஷத்துக்குக் காவல் என்பது தலைமுறைகளாய் வருகிற விசுவாசம். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் அந்த மண்ணைக் கொண்டுபோய் வீட்டில் வைத்திருப்பார்கள். விஷகடிப் பரியாரியாரின் மந்திரத்துக்கும் அதே பேர். கடிக்கிற பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு கடியிலும் விஷம் இறங்குவதில்லை. ஆகவே மண் பூசினவர்களிலும் மந்திரித்தவர்களிலும் நல்ல பங்கினர் எப்படியும் தப்புவார்கள். தப்பினவர் சொல்லிக்கொண்டு திரிவார். ஆஸ்பத்திரியில் எண்ணுகிற விதம் வேறு. கொஞ்ச இரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு ஒருமுறை சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராய் ஓடினால் புடையன் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது, விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அந்த 20 நிமிடமும் கட்டிலடியில் தாய் திருநீற்றைப் பூசிக்கொண்டிருப்பாள், தாதி தடுக்கமாட்டாள். தடுக்கத் தேவையும் இல்லை. பரியாரியாரிடம் காத்திருந்து இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்திருந்தால்தான் கிளிஃபோர்டின் கப்பல் முதலாளி நினைவுக்கு வருவார்.

பிரார்த்தனையைக் கண்டிப்பான முறையில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்த 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் விடலாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில், நடந்தவர்களுக்கு 52 வீதமும் நடக்காதவர்களுக்கு 51 வீதமும் சிக்கல்கள் வந்தன. நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்திருந்தவர்களுக்கு 59 வீதம். முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கணக்கெடுப்புக்கென்று செய்த மன்றாட்டைக் கடவுள் ஏன் கேட்க வேண்டும் என்று விசுவாசி மறுக்கலாம். அது நியாயமான மறுப்பு. ஆனால் அதே வாயால் அடுத்த கிழமை "செபித்தோம், சுகமானது, இதுவே சாட்சி" என்று கூட்டத்தில் சொல்லவும் முடியாது. சோதிக்கப்படாது என்றால் காட்டவும் படாது.

இந்த மண்ணில் கடவுளுக்கு எதிரான சாட்சிக்குப் பஞ்சமில்லை. 1999 நவம்பரில் மடுவில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது செல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் கொல்லப்பட்டார்கள். மாதாவின் காலடியைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்று வந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, முல்லைத்தீவுப் பட்டினத்தைக் கடல் கொண்டுபோனது. ஐரோப்பாவுக்கு இப்படியொரு காலை 1755இல் வந்தது. நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள், லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கருணையும் வல்லமையும் உள்ள கடவுள் ஏன் இதைத் தடுக்கவில்லை என்று அந்தக் கண்டமே கேட்டது. அடுத்த ஆண்டே இளம் ஜேர்மன் தத்துவவாதி கான்ற் நிலநடுக்கத்துக்கு இயற்கைக் காரணங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்.

எங்கள் ஊரில் இதற்குச் சொல்லப்படுகிற பதில் பெரும்பாலும் ஊழ்வினை. தத்துவமாக அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையை மாத்தளனில் புதைத்துவிட்டு வந்த தாயிடம் முற்பிறப்பைப் பற்றிப் பேசுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. கொடுமை என்பது ஒரு பக்கம். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்குவதில்லை என்பது இன்னொரு பக்கம். பிள்ளை தப்பினால் அம்மனின் அருள், தப்பாவிட்டால் வினை என்றால், அருள் இல்லாத உலகத்தில் என்ன வேறாக நடந்திருக்கும்? 1950இல் அன்டனி ஃப்ளூ என்ற பிரித்தானியத் தத்துவவாதி கேட்டது இதைத்தான். காட்டு நடுவே பூப்பாத்தி ஒன்றைக் காண்கிற இருவரில் ஒருவன், இதைப் பராமரிக்க ஆள் வருகிறான் என்கிறான். காவல் இருக்கிறார்கள், மின்வேலி போடுகிறார்கள், நாயை விடுகிறார்கள், ஒருவரும் அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாதவன், மின்சாரம் தாக்காதவன், மணமில்லாதவன் என்று முதலாமவன் சொல்லிக்கொண்டே போகிறான். கடைசியில் உன் தோட்டக்காரனுக்கும் தோட்டக்காரனே இல்லை என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று மற்றவன் கேட்கிறான். அதே ஃப்ளூ 2004இல், தன் 81ஆவது வயதில், அண்டத்துக்குப் பின்னால் ஓர் அறிவு இருப்பதாக எண்ணுகிறேன் என்று மாறினார். ஆதாரம் போகிற பக்கம் போனேன் என்றார். அவர் ஏற்றது மன்றாட்டுக் கேட்கிற கடவுளை அல்ல.

எஞ்சுவது "எனக்குத் தெரியும், நான் உணர்ந்தன்" என்பது. இதை எள்ளுகிற நாத்திகரோடு நான் ஒத்துப்போவதில்லை. ஜேம்ஸ் 1902இல் இதற்கு ஓர் எல்லை போட்டார்: இப்படிப்பட்ட அனுபவம் பெற்றவருக்கு அது அதிகாரமுள்ளது, பெறாதவருக்கு அதை ஏற்க ஒரு கடமையும் இல்லை. இதைவிட நேர்மையான எல்லையை நான் காணவில்லை. ஒரே ஆஸ்பத்திரி வார்ட்டில் அம்மன் வந்து நின்றதை உணர்ந்தவளும், மாதாவை உணர்ந்தவளும், 1990இல் மற்ற முஸ்லிம்களோடு வடக்கிலிருந்து விரட்டப்பட்டுத் திரும்பி வந்து அல்லாஹ்வின் துணையை உணர்ந்தவளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருக்கலாம். மூவரும் உணர்ந்தது உண்மை. மூவரின் கோட்பாடும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

உணர்ந்தது போதும் என்று சொல்கிறவர்கள் எல்லா இடத்திலும் அதில் நிற்பதுமில்லை. குருந்தூர்மலையைப் பாருங்கள். ஆதிசிவன் ஐயனாரை ஊரவர் வழிபட்ட இடத்தில் தொல்லியல் திணைக்களம் 2021இல் அகழ்வு தொடங்கி விகாரை எழுப்ப முற்பட்டது. அன்றிலிருந்து இரு தரப்பும் செங்கல்லையும் தூணையும் எழுத்தையும் காட்டி வாதாடுகின்றன. வழக்கு முல்லைத்தீவு நீதிமன்றம் வரை போனது. காணி என்று வந்தவுடன் விசுவாசத்துக்கு ஆதாரம் தேவைப்பட்டுவிட்டது. அந்தக் கற்கள் யார் எப்போது வழிபட்டார்கள் என்பதைச் சொல்லும். வழிபடப்பட்டவர் இருக்கிறாரா என்பது அகழ்வுக் குழியில் அகப்படாது.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னால் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தில் அமர்ந்திருந்தார்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து லேமினேட் செய்து மடியில் வைத்திருக்கிற தாய்மார். காலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பந்தலில் வந்து இருப்பார்கள். சாத்திரி "பிள்ளை உயிரோட இருக்கிறான், தெற்குத் திசையில" என்று சொன்னதை நம்புகிறவர்களும் அவர்களில் உண்டு. சாத்திரிமார் அதற்குக் காசு வாங்குவதை நான் மன்னிக்கமாட்டேன். ஆனால் அரசாங்கம் "இறந்திருப்பார்கள்" என்று சொல்லி இழப்பீட்டுக்கும் சான்றிதழுக்கும் கையெழுத்துக் கேட்டபோது அதே தாய்மார் கேட்டார்கள்: "செத்தவன் எண்டா எங்க, எப்ப, ஆர் கண்டது? எலும்பைக் காட்டு." கிளிஃபோர்ட் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார். இதை முரண்பாடு என்று சிரிப்பவர்கள் உண்டு. முருகனிடம் ஒன்றும், அமைச்சரிடம் ஒன்றும் கேட்பதில் எனக்கு முரண் தெரியவில்லை. முருகன் அவர்களுடைய பிள்ளையைக் கையளிப்பில் பெற்றுக்கொண்டு பட்டியல் எழுதவில்லை.

மன்னாரில் சதொச வளவில் 2018இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடத்துக்குப் போய், அவை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டவை என்று 2019இல் அறிக்கை வந்தது. உறவினர் பலர் அதை ஏற்கவில்லை. இங்கேயும் ஆதாரம் ஒரு பக்கம், நம்பிக்கை மறுபக்கம் என்று சிலர் எழுதினார்கள். அவசரத் தீர்ப்பு அது. எந்த எலும்பைத் தெரிவுசெய்தார்கள், யார் பொதி கட்டினார்கள், ஆறு மாதிரி அத்தனை பேருக்கும் போதுமா என்பவை ஆதாரத்தைப் பற்றிய கேள்விகள். உரை அளவையை ஏற்ற சித்தாந்திகளும் சொல்கிறவர் நம்பத்தக்கவரா என்பதை முதலில் பார்த்தார்கள். பொய் சொல்லிப் பழகிய ஒரு தரப்பின் கையால் வருகிற உண்மையையும் சனம் சந்தேகிக்கும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வழி உண்டு: வேறு மாதிரி எடுக்கலாம், வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், உறவுகளின் ஆளையும் பக்கத்தில் வைத்துப் பொதி கட்டலாம். 2023இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்கு வெட்டிய கானில் புதைகுழி தெரிந்தபோது தாய்மார் அங்கும் போய் நின்றார்கள்; எடுக்கிற ஒவ்வொரு துணியையும் இலக்கத் தகட்டையும் பதியச் சொன்னார்கள். கடவுளைப் பற்றிய சந்தேகத்துக்கு அப்படி இரண்டாவது ஆய்வுகூடம் இல்லை. இருப்பது வாதங்களும், ஒவ்வொருவரின் நெஞ்சும், பங்கரிலிருந்து வெளியே வந்தவர்களின் பேச்சும்தான். அதை வைத்துக்கொண்டு ஒருவர் நம்பலாம், நம்பாமலும் விடலாம். எலும்பைக் கேட்கிற தாயிடம் மட்டும் "நம்பிக்கையோட இருங்கோ, அம்மா" என்று சொல்லி ஓர் அதிகாரி கோப்பை மூட முடியாது.